ரிவரில் ஜோடி சேராத ஏஸ்-ராஜா: வைப்பதா, விடுவதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இலை எடை போடும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் சேர்ந்து ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம் (ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு). காசு கிடையாது. ஆளுக்கு 200 பிளாஸ்டிக் சில்லு, பிளைண்ட் 1-2 (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைப்பது; 2 வைப்பவர் பிக் பிளைண்ட்). கடைசியில் சில்லு குறைவாக வைத்திருப்பவர் எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும். போன வாரம், கடைசியாக ஆடும் இடமான பட்டனில் இருந்தேன். கையில் ஸ்பேடு ஏஸ், டைமன் ராஜா. 6 ஆக ஏற்றினேன். பிக் பிளைண்டில் இருந்த, பிக்கப் ஓட்டும் அண்ணன் மட்டும் வந்தார். ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் விழும் மூன்று சீட்டு) ஆட்டின் 9, ஆட்டின் 6, கிளாவர் 2. அவர் செக் (எதுவும் வைக்கவில்லை), நான் 7 வைத்தேன், அவரும் 7 வைத்துக் கால் செய்தார். டர்ன் (நாலாவது சீட்டு) ஸ்பேடு 4, இருவரும் செக். ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) டைமன் ஜாக்கி. அவர் மறுபடியும் செக். நடுவில் 27 சில்லு. 'இவர்கிட்ட ஒன்னும் இல்லை' என்று நினைத்து 20 வைத்தேன். 'பாத்துருவோம்' என்று கால் செய்து 7-6 காட்டினார், மேசையில் இருந்த 6-ஓடு ஜோடி. அதற்கு முந்தின வாரம் இதே ஏஸ்-ராஜாவோடு ரிவரில் செக் செய்தேன். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மாமா இரண்டு 3 சேர்ந்த ஜோடியைக் காட்டி எடுத்துக்கொண்டார். வைத்தாலும் போகிறது, வைக்காவிட்டாலும் போகிறது. எப்போதுதான் வைப்பது? மொபைல் ஆப்பில் காசு கட்டி ஆடினால்தான் கை பழகும் என்று மச்சான் சொல்கிறார். சரியா?

பதில்:

அன்புள்ள கோத்தகிரி நண்பருக்கு,

மாமாவிடம் செக் செய்தது சரி. அண்ணனிடம் 20 வைத்தது தவறு. இரண்டிலும் தோற்றதால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. செக் செய்து தோற்றபோது உங்கள் கையிலிருந்து ஒரு சில்லு கூட அதிகமாகப் போகவில்லை. 20 வைத்ததில் அப்படியில்லை. அதே ஆளிடம் அதே இடத்தில் எத்தனை முறை வைத்தாலும், செக் செய்திருந்தால் கிடைப்பதைவிட ஒவ்வொரு முறையும் சராசரியாக 14 சில்லுக்கு மேல் குறையும். அது எங்கிருந்து வருகிறது என்று எண்ணிக் காட்டுகிறேன்.

முதலில் ஃப்ளாப். அங்கே 7 வைத்ததில் பிழையே இல்லை. ஏஸ்-ராஜா கையில் இருந்தால் ஃப்ளாப்பில் அவற்றில் ஒன்றாவது ஜோடி சேரும் வாய்ப்பு 32 சதவீதம்தான். ஐந்து சீட்டும் விழுந்து முடிந்த பிறகும் 51 சதவீத முறை ஏஸும் சேராது, ராஜாவும் சேராது. ஆகவே ரிவரில் வெறும் ஏஸ்-ராஜாவோடு நிற்பதைத் துரதிர்ஷ்டமாக நினைக்க வேண்டாம். இரண்டில் ஒரு முறை நடக்கும் காரியம் அது. ஆனால் ஃப்ளாப்பில் சேராதபோதும் சீட்டுக்கட்டில் இன்னும் மூன்று ஏஸ், மூன்று ராஜா இருக்கின்றன. இரண்டு சீட்டு வரவேண்டியிருக்கும்போது அந்த ஆறில் ஒன்று விழ 24 சதவீதம் வாய்ப்பு உண்டு. எதிராளி சீட்டைப் போட்டுவிட்டால், அதாவது அந்தக் கையை விட்டு விலகினால், உடனே லாபம், கால் செய்தாலும் வழி அடைபடவில்லை. டர்ன் விழுந்ததும் அந்த வாய்ப்பு 13 சதவீதமாகிவிடும். ரிவர் விழுந்ததும் ஒன்றும் இல்லை. ஃப்ளாப்பில் உங்கள் பெட்டைத் தாங்கிய அந்த ஆறு சீட்டும் ரிவரில் உங்களுக்கு இல்லை. பலர் இதைக் கவனிக்காமல், ஃப்ளாப்பில் வைத்த அதே தைரியத்தோடு ரிவரிலும் வைக்கிறார்கள்.

ரிவரில் பெட் வைக்க இரண்டே காரணங்கள் உண்டு. உங்கள் கையைவிடக் குறைந்த கை கால் செய்ய வேண்டும். அல்லது உங்கள் கையைவிட மேலான கை சீட்டைப் போட்டுவிட வேண்டும். மூன்றாவது காரணம் இல்லை. இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'இவர்கிட்ட ஒன்னும் இல்லை'. அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் ஏஸ் ஏற்கெனவே ஜெயித்துவிட்டது. செக் செய்து சீட்டைத் திருப்பினாலே 27-ம் உங்களுடையது. அப்படிப்பட்டவர் உங்கள் 20-ஐக் கால் செய்யவும் மாட்டார். ஆக நீங்கள் எந்த நினைப்பில் வைத்தீர்களோ அந்த நினைப்பு உண்மையாக இருந்தாலும் அந்தப் பெட் ஒரு சில்லு கூடச் சம்பாதித்திருக்காது.

அண்ணன் என்ன கையோடு அங்கே வந்திருக்க முடியும் என்று எண்ணுவோம். ஃப்ளாப்பில் கால் செய்தார், டர்னிலும் ரிவரிலும் செக் செய்தார். உங்களை வெல்லும் கைகள் முதலில். கையிலேயே ஜோடியாக வந்த 3-3, 5-5, 7-7, 8-8: ஒவ்வொன்றும் 6 விதமாக அமையும், மொத்தம் 24. ஒன்பது சேர்ந்தவை: ஏஸ்-9 ஒன்பது விதம், ஒரே இனத்து 10-9, 9-8, ராணி-9 மும்மூன்று, ராஜா-9 இரண்டு, ஏனென்றால் டைமன் ராஜா உங்கள் கையில். இது 20. ஆறு சேர்ந்தவை, ஒரே இனத்தில் மட்டும் பார்த்தால்: 7-6, 8-6, 6-5 மும்மூன்று, ஏஸ்-6 இரண்டு. இது 11. ஆக 55 கைகள். ஜாக்கி சேர்ந்தவை, மூன்று ஒரே எண் சேர்ந்தவை என்று இன்னும் சில உண்டு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விடுகிறேன். சேர்த்தால் உங்கள் நிலை இன்னும் இறங்குமே தவிர ஏறாது.

நீங்கள் வெல்லும் கைகள்: ஐந்து ஆட்டினுக்குக் காத்திருந்து வராமல் போனவை. ஏஸோடு 10, 8, 7, 5, 3 என ஐந்து. ராஜாவோடு ராணி, 10, 8, 7 என நான்கு. ராணியோடு 10, 8. பிறகு 10-8, 10-7, 8-7, 7-5. மொத்தம் 15. ஐந்து எண் வரிசையாக அமையக் காத்திருந்த மற்ற இனத்து 8-7, 10-8 ஆறு. ஆக 21.

55-க்கு எதிராக 21. செக் செய்து திருப்பினால் 76-ல் 21 முறை, அதாவது 28 சதவீதம், நீங்கள் எடுப்பீர்கள். நடுவில் கிடந்த 27-ல் உங்களுக்கு உரியது சராசரியாக ஏழரைச் சில்லு. மழை நாளில் தராசில் 27 கிலோ காட்டினாலும் ஈரத்துக்குக் கழித்துத்தானே நோட்டில் எழுதுவீர்கள்? அந்த 27 சில்லையும் அப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஃப்ளாப் வரை நீங்கள் போட்ட 13 சில்லு அதில் கிடக்கிறது என்பதற்காக அதில் உங்களுக்குத் தனி உரிமை ஏதும் இல்லை.

இப்போது 20 வைக்கிறீர்கள். அண்ணன் எந்த ஜோடியையும் போடாதவர் என்று வைத்துக்கொள்வோம். 28 சதவீத முறை அவர் போட்டுவிடுவார், 27 வரும். சராசரியில் அது ஏழரை. மீதி 72 சதவீத முறை கால் செய்வார், 20 போகும். சராசரியில் அது பதினாலரை. நிகரம் 7 சில்லு நஷ்டம். செக் செய்தால் ஏழரை லாபம், வைத்தால் ஏழு நஷ்டம். நான் சொன்ன பதினாலுக்கு மேல் என்ற கணக்கு இதுதான்.

இதிலிருந்து மேசையில் உட்கார்ந்தபடியே போடக்கூடிய ஒரு சுருக்குக் கணக்கு கிடைக்கிறது. உங்களைவிடக் குறைந்த கைகளை முழுசாக மறந்துவிடுங்கள். அவற்றிடமிருந்து செக் செய்தாலும் 27, வைத்தாலும் 27. மேலான கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை பங்கு போட்டுவிடும் என்று கேளுங்கள். தேவையான பங்கு: நீங்கள் வைப்பதை, வைப்பதும் நடுவில் இருப்பதும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவது. 20-ஐ 47-ஆல் வகுத்தால் 43 சதவீதம். அதாவது 55-ல் ஏறக்குறைய 24 கைகள் சீட்டைப் போட வேண்டும். அண்ணன் கையில் வந்த சின்ன ஜோடி அத்தனையையும், 8-8 உட்பட, போட்டால்தான் 24. 'பாத்துருவோம்' என்று சொல்லும் மனிதர் அதில் பாதியைக்கூடப் போடமாட்டார்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள நாலைந்து எண் போதும். நடுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் மேலான கைகளில் 25 சதவீதம் போட வேண்டும். பாதி வைத்தால் 33. மூன்றில் இரண்டு வைத்தால் 40. முழுசாக வைத்தால் 50. இரண்டு மடங்கு வைத்தால் 67.

உடனே ஒரு யோசனை வரும்: சின்னதாக 9 வைத்தால் 25 சதவீதம்தானே வேண்டும், அது மலிவுதானே? மலிவுதான், ஆனால் 9-க்கு யார் ஜோடியைப் போடுவார்கள்? தேவை குறையும்போது எதிராளியின் தயக்கமும் குறைகிறது. வீட்டு ஆட்டங்களில் சின்னப் பெட்டுக்கு ஜோடி வைத்திருப்பவர் போடுவதே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ப்ளஃப் (மேலான கையை விரட்டுவதற்காக வைக்கும் பெட்) என்றால் அவர் கையைத் தாடையில் வைத்து யோசிக்கும் அளவு வையுங்கள். இல்லையென்றால் வைக்காதீர்கள். நடுவாந்தரமாக வைப்பது இரண்டு பக்கமும் கெடுகிறது.

இன்னொரு விஷயம், இது ஏஸ்-ராஜா ஆடுபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வது. 'நல்ல கை, அதனால் வைக்கிறேன். 8-7 குப்பை, அதனால் விடுகிறேன்' என்கிறார்கள். அதே மேசையில் அதே ஐந்து சீட்டுக்கு உங்களிடம் ஸ்பேடு 8-7 இருந்திருந்தால் என்ன ஆகும்? உங்களுக்கு முன்பு தோற்ற அந்த 21 கைகளும் ஏறக்குறைய எல்லாமே இப்போது உங்களை வெல்பவை. அவை எல்லாம் 20-க்குத் தானாகவே போட்டுவிடும். 76-ல் 43 சதவீதம் என்றால் 32 அல்லது 33 கைகள். அதில் 21 சும்மா கிடைக்கிறது, இன்னும் பத்துப் பன்னிரண்டு ஜோடி போட்டால் போதும். 8-7 உங்கள் கையில் இருப்பதால் 8-8, 7-7 எல்லாம் குறையும், எண்கள் கொஞ்சம் நகரும், போக்கு மாறாது. செக் செய்தால் ஜெயிக்கவே முடியாத கைதான் ப்ளஃப்புக்கு ஏற்ற கை. ஏஸ்-ராஜாவுக்குத் திருப்பிப் பார்க்கும் மதிப்பு கொஞ்சமாவது உண்டு. அதை ப்ளஃப்பில் செலவழித்தால் அந்த ஏழரைச் சில்லைக் கையால் எடுத்து எறிந்ததாகும்.

அப்படியானால் ஏஸ்-ராஜாவோடு ரிவரில் வைக்கவே கூடாதா? வைக்கலாம், வைக்க வேண்டிய இடமும் உண்டு. திருப்பிப் பார்க்கும் மதிப்பு செத்துவிட்ட இடம் அது. மாமாவை வைத்தே ஒரு கை சொல்கிறேன். 3-இன் ஜோடி வைத்திருந்தும் உங்கள் மேல் ஒரு சில்லு வைக்காமல் செக் செய்தவர் என்றால் அவர் ஜாக்கிரதைக்காரராகத்தான் தெரிகிறார்.

உங்களிடம் ஸ்பேடு ஏஸ், கிளாவர் ராஜா. 6 ஆக ஏற்றுகிறீர்கள், பிக் பிளைண்டில் மாமா வருகிறார், நடுவில் 13. ஃப்ளாப் ஸ்பேடு ராணி, டைமன் 8, ஸ்பேடு 3. அவர் செக், நீங்கள் 8, அவர் கால், 29. டர்ன் கிளாவர் 6. செக், 20, கால்; 69. ரிவர் ஸ்பேடு 2. மாமா செக்.

இங்கே உங்கள் ஏஸ்-ராஜா யாரை வெல்லும்? இரண்டு பெட்டைக் கால் செய்தவரிடம் ராணி ஜோடி இருக்கும், 8 ஜோடி இருக்கும், அல்லது ஸ்பேடுக்குக் காத்திருந்த கை இருக்கும். ஸ்பேடு வந்துவிட்டது. நீங்கள் வெல்லக்கூடியதாக இருந்த கைகளும் இப்போது உங்களை வெல்கின்றன. செக் செய்தால் கிடைப்பது ஏறக்குறைய பூஜ்யம். அதே ஸ்பேடு 2, ராணி வைத்திருப்பவரையும் பயமுறுத்துகிறது. உங்கள் மதிப்பைக் கொன்ற சீட்டே அவருடைய தைரியத்தையும் கொல்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக நடக்கும் ரிவர்தான் ப்ளஃப்புக்கு உகந்தது.

மேலும் உங்கள் கையிலுள்ள இரண்டு சீட்டும் வேலை செய்கின்றன. ஸ்பேடு ஏஸ் உங்களிடம் இருப்பதால் ஐந்து ஸ்பேடு சேர்ந்த கைகளில் எல்லாவற்றிலும் பெரியது அவரிடம் இருக்க முடியாது. ஏஸ்-ராணி 12 விதத்துக்குப் பதில் 9, ராஜா-ராணி 12-க்குப் பதில் 9. ஒரு ஜோடியோடு பிடிவாதமாகக் கால் செய்யக்கூடிய கைகள் அவைதான். 24-லிருந்து 18-ஆகக் குறைகின்றன. கதையும் ஒட்டுகிறது: ஏற்றியவர், ஃப்ளாப்பில் வைத்தவர், டர்னில் வைத்தவர், ஸ்பேடு விழுந்ததும் வைக்கிறார். 50 வையுங்கள். தேவை 50-ஐ 119-ஆல் வகுத்தால் 42 சதவீதம். ஜாக்கிரதைக்காரரிடம் அது கிடைக்கும். இதே இடத்தில் உங்களிடம் டைமன் ஏஸ், கிளாவர் ராஜா இருந்து ஸ்பேடே இல்லையென்றால் நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். இதே கையை அண்ணனிடம் ஆடினால் டர்னிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் கதை கேட்பவர் அல்ல, சீட்டைப் பார்ப்பவர்.

குறைந்த கை கால் செய்யும் என்று நம்பி, அதாவது லாபத்துக்காக, ஜோடி சேராத ஏஸ்-ராஜாவை வைக்கும் இடம் மிக அரிது. ஒன்று மட்டும் வீட்டு ஆட்டத்தில் உண்மையாகவே கிடைக்கும். மேசையிலேயே இரண்டு ஜோடி விழும்போது: ராணி, ராணி, 7, 7, 4. எதிராளியிடம் 6-6 என்று வையுங்கள். 'என்னிடம் ஜோடி இருக்கிறது' என்று அவர் நினைப்பார். ஆனால் ஐந்து சீட்டுக்குள் மூன்று ஜோடிக்கு இடமில்லை. அவர் கை ராணி ஜோடி, 7 ஜோடி, பக்கத்தில் ஒரு 6. உங்கள் கை அதே இரண்டு ஜோடி, பக்கத்தில் ஏஸ். நீங்கள் ஜெயிக்கிறீர்கள். 2-2, 3-3, 5-5, 6-6 எல்லாம் இப்படி அடிபடும். 4-4 மட்டும் விதிவிலக்கு, அது ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றும் ஒரு ஜோடியும்). 8-8 முதல் மேலே உள்ள ஜோடிகள் உங்களை வெல்லும். வேறு யாரிடமாவது ஏஸ்-10 இருந்தால் சமம், பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ராஜாவுக்கு அங்கே வேலை இல்லை. இந்த மேசையில் அண்ணன் போன்றவரிடம் மூன்றில் ஒரு பங்கு வையுங்கள். அவருடைய 'பாத்துருவோம்' உங்களுக்கு லாபமாகும் இடம் இது.

நீங்கள் முதலில் ஆட வேண்டிய இருக்கையில் இருந்தால் முடிவு இன்னொரு மாதிரி. செக் செய்கிறீர்கள், அவர் வைக்கிறார். இப்போது கேள்வி கால் செய்வதா என்பது. 27 நடுவில் இருக்க அவர் 20 வைத்தால் நீங்கள் 20 போட்டு மொத்தம் 67-க்கு ஆடுகிறீர்கள். 30 சதவீதம் அவர் ப்ளஃப் அடிக்கிறார் என்றால் சமன். மாமா அடிக்கமாட்டார், சீட்டைப் போட்டுவிடுங்கள். அண்ணன் மாதிரி எல்லாவற்றையும் கால் செய்பவர் தாமாக வைக்கிறார் என்றால் கையில் நிச்சயம் ஏதோ இருக்கிறது, அவரிடமும் போட்டுவிடுங்கள். காத்திருந்தது வராவிட்டால் கோபத்தில் அடிக்கும் ஆள் உங்கள் ஆறு பேரில் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் ஏஸ்-ராஜாவோடு கால் செய்யலாம். அதிலும் உங்கள் சீட்டின் இனத்தைப் பாருங்கள். ஆட்டின் வராமல் போன மேசையில் உங்களிடம் ஆட்டின் ஏஸ் இருந்தால், முன்னே எண்ணிய 15 ஆட்டின் கைகளில் ஏஸ் உள்ள ஐந்தும் அவரிடம் இருக்க முடியாது. அவர் ப்ளஃப் அடிக்கக்கூடிய ஆட்டின் கைகளில் மூன்றில் ஒரு பங்கு காலி. அப்போது கால் செய்வதைக் குறையுங்கள். ஸ்பேடு ஏஸாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

மூன்று பேர், நாலு பேர் ரிவர் வரை நிற்கும்போது ப்ளஃப் வேண்டாம். ஒவ்வொருவரும் பாதி முறை போடுவார் என்றாலும் இருவரும் சேர்ந்து போடுவது 25 சதவீதம், மூவரும் போடுவது 12 சதவீதம் சொச்சம். ஐப்பசி மழையில் கரன்ட் போய், எமர்ஜென்ஸி விளக்கில் ஆடும்போது யாரும் எழுந்து போக மனமில்லாமல் எல்லாக் கையிலும் நாலு பேர் நிற்பார்கள். அந்த நேரத்தில் நல்ல கைக்கு மட்டும் வையுங்கள்.

எப்போதாவது பெட் அளவைக் கட்டுப்படுத்தி லிமிட் ஆட்டமாக ஆடினால் மேலே சொன்ன சில முடிவுகள் மாறும். நடுவில் ஆறு பெட் சேர்ந்திருக்க நீங்கள் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் தேவை ஏழில் ஒன்று, 14 சதவீதம். அங்கே ப்ளஃப் அடிக்கடி வரும், எதிர்ப் பக்கமும் அதைத் தெரிந்து அடிக்கடி கால் செய்யும்.

எதிராளியைப் பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் உங்கள் கடிதத்தின் இரண்டு வரிகளிலிருந்து ஊகித்தது. உங்களிடம் அதைவிட நல்ல வழி இருக்கிறது. தினமும் யார் எத்தனை கிலோ இலை கொண்டுவந்தார்கள் என்று எழுதும் பழக்கம் உள்ளவர் நீங்கள். அதே போல ஒரு சின்ன நோட்டில், ரிவரில் பெட் விழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: யார் வைத்தது, நடுவில் எவ்வளவு, வைத்தது எவ்வளவு, எதிரே யார், போட்டாரா கால் செய்தாரா, காட்டினால் என்ன கை. ஆட்டம் நடக்கும்போது எழுத வேண்டாம், மற்றவர்களுக்கு அது பிடிக்காது. டீ வரும் இடைவேளையில் எழுதலாம். மாமாவின் பெயருக்கு நேரே பத்து வரி சேர்ந்ததும் அவர் எத்தனை முறை போட்டார் என்று பாருங்கள். ஐந்துக்கு மேல் என்றால் 42 சதவீதக் கணக்கை நம்பி வைக்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் அவரும் அண்ணன் கட்சிதான், நான் சொன்ன அந்த 50-ஐ வைக்காதீர்கள். பத்து வரி குறைவுதான். ஆனால் 'அவர் அப்படிப்பட்டவர்' என்று மனதுக்குள் வைத்திருக்கும் அபிப்பிராயத்தைவிட அது மேல்.

மச்சான் சொன்னது: வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாட்டுக்கு அதில் இடமில்லை. போக்கரும் அதில் அடங்கும். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், ரிவரில் கை பழகக் காசு தேவையே இல்லை. எண்ணிப் பழகுவதுதான் தேவை, அதற்கு ஒரு கட்டுச் சீட்டு போதும்.

இப்படிச் செய்யுங்கள். கட்டிலிருந்து ஸ்பேடு ஏஸ், டைமன் ராஜா இரண்டையும் எடுத்து உங்கள் பக்கம் வையுங்கள். ஆட்டின் 9, ஆட்டின் 6, கிளாவர் 2, ஸ்பேடு 4, டைமன் ஜாக்கி ஐந்தையும் நடுவில் பரப்புங்கள். மீதி 45 சீட்டையும் முகம் தெரிய எண் வாரியாக அடுக்குங்கள். அண்ணன் கால் செய்திருக்கக்கூடிய கைகளை ஒவ்வொன்றாக இரண்டு சீட்டாக எடுத்து, உங்களை வெல்வதா தோற்பதா என்று பார்த்து, ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் கோடு போடுங்கள். சீட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த கை. 55-ம் 21-ம் வர வேண்டும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். பிறகு ரிவர் சீட்டை மட்டும் மாற்றுங்கள்: டைமன் ஜாக்கிக்குப் பதில் ஆட்டின் 3 வைத்து மறுபடி எண்ணுங்கள். தோற்கும் பக்கத்தில் இருந்த 15 ஆட்டின் கைகளில் 14 ஒரே சீட்டில் எதிர்ப்பத்திக்குப் போவதைப் பார்ப்பீர்கள். ஏஸ்-3 கணக்கிலிருந்து கழியும், 3-3 ஆறு விதத்திலிருந்து மூன்றாகும், அந்த 3 இப்போது மேசையில் இருப்பதால்.